படத்தில் இல்லாத பாட்டு, பட்டியலில் இல்லாத பெயர்

காதர்பேட்டையில் ஒரு சினிமாப் பாட்டு ஓடுகிறதா, படுத்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள யூடியூபைத் திறக்க வேண்டியதில்லை. திருப்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், சந்து சந்தாகப் பிரியும் மொத்த விலைக் கடைகளின் வாசலில் தொங்கும் டி-சர்ட்டுகளின் நெஞ்சைப் பார்த்தாலே போதும். பெரிய நடிகரின் படம் வரப்போகிறது என்றால், பாட்டின் முதல் சொல்லோ நாயகனின் நிழலுருவமோ கறுப்புத் துணியில் ஏறிவிடும். கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வரும் சில்லறை வியாபாரிகள் பண்டல் பண்டலாகக் கட்டிக்கொண்டு போவார்கள். பிரிண்டிங் பட்டறைக்காரர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. படம் வருவதற்கு முன்பே சரக்கு கடைக்கு வந்துவிட வேண்டும். படம் வந்து சில வாரம் தாண்டினால் அந்தப் பிரிண்டை வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். 2016இல் ‘கபாலி’ வந்தபோது ‘நெருப்புடா’ என்ற ஒரே சொல் தமிழ்நாடு முழுக்க இளைஞர்களின் நெஞ்சில் எரிந்தது. அதை எழுதிப் பாடிய அருண்ராஜா காமராஜின் பெயர் அந்தப் பனியன்களில் எங்கும் இல்லை. இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

இது கரடுமுரடான கணக்கு. இதில் யாருக்கும் ராயல்டி போவதில்லை. அனுமதி கேட்டு அச்சடிப்பவர்களும் குறைவு. ஆனாலும் இதில் ஒரு நேர்மை இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியவர் எத்தனை பேர் என்பது மட்டுமே இங்கே பேசும். தமிழ்த் திரைப்பாட்டுக்கு, அதிலும் சினிமாவைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த ராப் பாட்டுக்கு, அந்த அளவுக்குக்கூட நம்பகமான வாரக் கணக்கு ஒன்று நம்மிடம் இல்லை. அது இருந்தால் என்னவெல்லாம் தெரியவரும் என்பதற்கு ஒரு ஈழத்துத் தமிழ்ப்பெண்ணின் பாட்டைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

2008 ஆகஸ்ட் முதல் வாரத்தில் ‘பைன்ஆப்பிள் எக்ஸ்பிரஸ்’ என்ற ஹாலிவுட் நகைச்சுவைப் படம் வெளியானது. கஞ்சாப் புகையிலேயே பொழுதைக் கழிக்கும் இருவர் ஒரு கொலை விவகாரத்தில் சிக்கி ஓட்டம் பிடிக்கும் கதை. அதன் ட்ரெய்லரில் ஒரு பாட்டு வந்தது. பிள்ளைகளின் கோரஸ், நடுவே துப்பாக்கி வெடிக்கும் சத்தம், அதையடுத்துக் கல்லாப்பெட்டி திறக்கும் ‘டிங்’. ட்ரெய்லரைப் பார்த்துவிட்டுத் தியேட்டருக்குப் போனவர்களுக்கு ஏமாற்றம். படத்தில் அந்தப் பாட்டு இல்லை. படத்தின் இசைத்தொகுப்பிலும் இல்லை. ‘பேப்பர் பிளேன்ஸ்’ என்ற அந்தப் பாட்டு அதற்கும் ஓராண்டு முன்பே வந்திருந்த ஓர் ஆல்பத்தின் பாட்டு. ட்ரெய்லர் வெட்டியவர்கள் அதை எடுத்து ஒட்டியிருந்தார்கள், அவ்வளவுதான்.

பாடியவர் எம்.ஐ.ஏ. இயற்பெயர் மாதங்கி அருள்பிரகாசம், வீட்டில் மாயா. 1975இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போர் முற்றியபோது பத்து வயதைத் தாண்டும் பருவத்தில் அகதியாக லண்டன் திரும்பியவர். அப்பா அருள்பிரகாசம் ஈழப் போராட்டத்தின் தொடக்ககாலத்தவர், ஈரோஸ் அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். அவருடைய இயக்கப் பெயரான ‘அருளர்’ 2005இல் வந்த முதல் ஆல்பத்தின் பெயராயிற்று. அம்மா கலா தையல் தொழிலாளி. லண்டனில் துணி தைத்துப் பிள்ளைகளை வளர்த்தவர். 2007 ஆகஸ்டில் வந்த இரண்டாவது ஆல்பத்துக்கு ‘கலா’ என்று பெயர் வைத்தார் மகள். ‘பேப்பர் பிளேன்ஸ்’ அதில்தான் இருக்கிறது. ஒரு தையல்காரம்மாவின் பெயர் தாங்கிய ஆல்பம் உலகம் சுற்றியது என்பதைத் திருப்பூர் கொஞ்சம் உரிமையோடு நினைத்துக்கொள்ளலாம்.

அந்த ஆல்பத்தைப் பிரபல அமெரிக்கத் தயாரிப்பாளர் டிம்பலாண்டுடன் சேர்ந்து செய்வதாகத்தான் முதலில் திட்டம். 2006இல் அமெரிக்க விசா சிக்கலாகிவிட்டது. உள்ளே போக முடியாதவர் இந்தியா, டிரினிடாட், லைபீரியா, ஜமைக்கா, ஆஸ்திரேலியா என்று சுற்றியபடியே பதிவு செய்தார். சென்னைக்கு வந்து உறுமி மேளக் கலைஞர்களை வாசிக்கவைத்துப் பிடித்த தாளம்தான் ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ பாட்டுகளின் முதுகெலும்பு. கொங்கு நாட்டுக் கோயில் நோன்பிகளில் உறுமி கேட்டு வளர்ந்தவர்கள் அந்தப் பாட்டுகளை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். லண்டன் பாட்டு என்று சொன்னால் காது நம்பாது. ‘பேப்பர் பிளேன்ஸ்’ பிறந்ததும் அந்த விசாக் கோபத்தில்தான். வெளிநாட்டிலிருந்து வருகிறவன் என்றாலே திருடன், கள்ளப் பாஸ்போர்ட்காரன், துப்பாக்கிக்காரன் என்று பார்க்கும் பார்வையை எடுத்துக் கிண்டலாகத் திருப்பி வீசிய பாட்டு அது.

துப்பாக்கிச் சத்தம் எம்டிவிக்குப் பிடிக்கவில்லை. அதை மழுப்பித்தான் ஒளிபரப்பினார்கள். டேவிட் லெட்டர்மேன் நிகழ்ச்சியிலும் அதே கதை. 2008 பிப்ரவரியில் தனிப் பாட்டாக வெளியிட்டபோதும் அமெரிக்கப் பட்டியலில் பெரிய சலசலப்பு இல்லை. விமர்சகர்கள் கொண்டாடினார்கள், கல்லூரி மாணவர்கள் கேட்டார்கள், அத்தோடு நின்றது.

ட்ரெய்லர் வந்தது, படம் வந்தது. பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு இதழ் வெளியிடும் ஹாட் 100 பட்டியலில் ஏறத் தொடங்கியது. செப்டம்பருக்குள் நான்காம் இடம்.

இது எப்படி நடந்தது என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். ஹாட் 100 பட்டியல் 1958 ஆகஸ்டில் தொடங்கியது. வானொலியில் எத்தனை முறை ஒலிக்கிறது, கடையில் எத்தனை விற்கிறது என்ற இரண்டையும் கலந்து வாராவாரம் போடும் கணக்கு. 2005இல் இணையத்தில் காசு கொடுத்துத் தரவிறக்கும் பாட்டுகளையும் விற்பனையில் சேர்த்தார்கள். இந்த விதி மாறியிராவிட்டால் எம்.ஐ.ஏ.வின் பாட்டு மேலே வந்திருக்கவே முடியாது. ட்ரெய்லரில் கேட்ட பாட்டைத் தேடிப் பிடித்து, ஒரு டாலருக்கும் குறைவான காசில் அந்த ஒற்றைப் பாட்டை மட்டும் வாங்கினார்கள் ரசிகர்கள். ஆல்பம் முழுவதையும் வாங்க வேண்டியதில்லை, வானொலிக்காரரின் தயவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. விற்பனை ஏறிய பிறகுதான் வானொலி நிலையங்களுக்கு அந்தப் பாட்டு நினைவுக்கு வந்தது. சத்தத்தை மழுப்பியவர்களையும் மீறிப் பட்டியலில் ஏறிய பாட்டு அது.

இன்னொரு வேடிக்கை. அவரை விசாவுக்காக அலையவைத்த அமெரிக்காவில் நான்காம் இடம். அவர் பிறந்த, அவரைத் தங்கள் பாடகி என்று சொல்லிக்கொண்ட பிரிட்டனில் 19தான்.

அதற்குப் பின் பாட்டின் பயணம் தனியாகவே நீண்டது. ஜே-இசட், டி.ஐ., கான்யே வெஸ்ட், லில் வெய்ன் நால்வரும் சேர்ந்து அதே பாட்டிலிருந்து எம்.ஐ.ஏ.வின் குரலை வெட்டி எடுத்து ‘ஸ்வாகா லைக் அஸ்’ என்ற ராப் பாட்டைச் செய்தார்கள். அது ஹாட் 100இல் ஐந்தாம் இடம் வரை போனது. நவம்பரில் டேனி பாயிலின் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ வந்தது. அதில் ‘பேப்பர் பிளேன்ஸ்’ உண்மையிலேயே படத்துக்குள் இருந்தது. ரயில் மேல் பயணம் செய்து பிழைப்பைத் தேடும் இரண்டு சிறுவர்களின் காட்சிக்கு அதைவிடப் பொருத்தமான பாட்டு கிடைத்திருக்காது. ஏ.ஆர்.ரஹ்மானும் எம்.ஐ.ஏ.வும் சேர்ந்து செய்த ‘ஓ... சாயா’வும் அதே படம். படத்தின் பாட்டுத் தொகுப்பை அமெரிக்காவில் வெளியிட்டதும் எம்.ஐ.ஏ.வின் ‘நீட்’ என்ற சொந்த இசை நிறுவனம்தான். ‘ஜெய் ஹோ’ உலகத்துக்குப் போனது யாழ்ப்பாணத்துப் பெண்ணின் முத்திரையோடு என்பது நம்மில் பலருக்கு இன்னும் தெரியாத சேதி.

2009 பிப்ரவரி 8 அன்று கிராமி விழா. ஆண்டின் சிறந்த பாட்டுப் பதிவுக்கான பரிந்துரையில் ‘பேப்பர் பிளேன்ஸ்’ இருந்தது. பரிசு கிடைக்கவில்லை. ஆனால் நிறைமாதக் கர்ப்பிணியாக, மருத்துவர் குறித்துக் கொடுத்த அதே நாளில், நான்கு ராப் பாடகர்களுக்கு நடுவே எம்.ஐ.ஏ. மேடையேறி ஆடினார். மூன்றாம் நாள் குழந்தை பிறந்தது. 22ஆம் தேதி ஆஸ்கர். ‘ஓ... சாயா’வும் ‘ஜெய் ஹோ’வும் ஒரே பிரிவில் போட்டியிட, ‘ஜெய் ஹோ’ வென்றது. அதே வாரங்களில் வன்னியில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. கிடைத்த மேடையிலெல்லாம் அவர் அதைப் பேசினார். அமெரிக்கத் தொலைக்காட்சிகள் அவர் உடுத்திய உடையைப் பற்றி அதிகம் பேசின.

சினிமாவோடு சேர்ந்து பட்டியல் ஏறிய ராப் பாட்டுகள் அமெரிக்காவுக்குப் புதிதல்ல. 1995இல் ‘டேஞ்சரஸ் மைண்ட்ஸ்’ படத்துக்காகக் கூலியோ பாடிய ‘கேங்ஸ்டாஸ் பாரடைஸ்’ மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. பில்போர்டின் அந்த ஆண்டுக் கணக்கிலும் அதுவே முதல். ஸ்டீவி வொண்டரின் பழைய மெட்டின் மேல் எழுந்த பாட்டு அது. வசைச்சொல் இருந்தால் மெட்டைத் தர மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டதால், ஒரு கெட்ட வார்த்தை இல்லாமல் எழுதினார்கள். 2002இல் ‘8 மைல்’ படத்துக்கு எமினெம் எழுதிய ‘லூஸ் யுவர்செல்ஃப்’ 12 வாரம் முதலிடம், அடுத்த ஆண்டு ஆஸ்கர். ஒரு ராப் பாட்டுக்குக் கிடைத்த முதல் ஆஸ்கர் அது. எமினெம் விழாவுக்கே போகவில்லை. இவையெல்லாம் படத்துக்காகவே செய்த பாட்டுகள். எம்.ஐ.ஏ.வின் பாட்டு மட்டும் படத்துக்குள் நுழையாமலே படத்தால் ஏறியது. இப்படி ஒரு விசித்திரம் நடந்தது என்று இன்று உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அங்கே வாராவாரம் யாரோ ஒருவர் உட்கார்ந்து எண்ணி எழுதிவைத்ததுதான்.

எண்ணிக்கையோடு பெயர்களும் பதிவாயின. ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டின் அடித்தளம் 1982இல் ‘தி கிளாஷ்’ என்ற பிரிட்டிஷ் ராக் குழு செய்த ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’. அதன் ஒரு துண்டை எடுத்துச் சுழலவிட்டவர் தயாரிப்பாளர் டிப்லோ. பாட்டின் எழுத்துரிமையில் கிளாஷ் குழுவினர் நால்வரின் பெயரும் இருக்கிறது. பாட்டு ஒவ்வொரு முறை விற்கும்போதும் அவர்களுக்குப் பங்கு போகும். அதே ஆல்பத்துக்காகச் சென்னையில் உறுமி வாசித்தவர்களின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். எத்தனை ரசிகர்களால் சொல்ல முடியும்? எம்.ஐ.ஏ.வும் இந்தக் கேள்விக்கு வெளியே இல்லை.

உரிமை விஷயத்தில் அவரே மாட்டிக்கொண்ட கதையும் உண்டு. காதர்பேட்டைக்காரர்கள் ரசித்துக் கேட்பார்கள். 2015இல் வந்த ‘பார்டர்ஸ்’ பாட்டு வீடியோவில் பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்ன் கால்பந்து அணியின் பனியனைப் போட்டிருந்தார். நெஞ்சில் ‘ஃப்ளை எமிரேட்ஸ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘ஃப்ளை பைரேட்ஸ்’ என்று மாற்றி அச்சடித்திருந்தார். கிளப் நிர்வாகம் வீடியோவை நீக்கச் சொல்லிக் கடிதம் அனுப்பியது. அடுத்த ஆண்டு எச் அண்ட் எம் நிறுவனத்தின் பழைய துணி மறுசுழற்சிப் பிரசாரத்துக்கு ‘ரீவேர் இட்’ என்ற பாட்டைச் செய்து கொடுத்தார். நெஞ்சில் எதை அச்சடிக்கலாம், அதற்கு யாரிடம் கேட்க வேண்டும் என்பது லண்டனுக்கும் காதர்பேட்டைக்கும் பொதுவான தலைவலி போலும்.

நம் பக்கம் திரும்புவோம். 1994 செப்டம்பரில் வந்த ‘காதலன்’ படத்தில் ‘பேட்டை ராப்’. ரஹ்மான் இசை, எழுதியவர் இயக்குநர் ஷங்கர், பாடியவர்கள் சுரேஷ் பீட்டர்ஸ், தேனி குஞ்சரம்மாள், ஷாகுல் ஹமீது. சென்னைத் தெருப்பேச்சும் தேனிப் பக்கத்து நாட்டுப்புறக் குரலும் ராப் தாளத்தில் மோதிக்கொண்டது தமிழ் சினிமாவுக்கு அன்று புதிது. டீக்கடைகளிலும் மினிபஸ்களிலும் கேசட் தேயத் தேய ஒலித்த பாட்டு. அது எத்தனை வாரம் எந்த இடத்தில் இருந்தது? பதில் இல்லை. இருக்கவும் முடியாது. கேசட் விற்பனையைப் பொதுவில் வைத்து வாராவாரம் எண்ணும் அமைப்பு இங்கே கிடையாது. போலிக் கேசட்டுகள் எத்தனை என்பதும் யாருக்கும் தெரியாது. அதே ஊர்களில் இந்திப் பாட்டுக்காவது இலங்கை வானொலியில் அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’ இருந்தது. 1952இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் வாரந்தோறும் வரிசைப்படுத்தியது. அதிலும் குறைகள் உண்டு. ஆனாலும் இன்று ஓர் ஆய்வாளர் திருப்பிப் பார்க்க ஒரு தொடர்ச்சியான பதிவு கிடைக்கிறது. தமிழுக்கு ரசிகர் கடிதங்களும் ஞாபகங்களும் மிச்சம்.

அதற்குப் பின் தமிழ் ராப் சினிமாவுக்கு வெளியே கொஞ்ச காலம் வளர்ந்தது. மலேசியாவின் யோகி பி அண்ட் நட்சத்ரா 2006இல் ‘வல்லவன்’ ஆல்பத்தைக் கொண்டுவந்தபோது, தமிழில் ராப் என்பது படத்தின் நடுவே வரும் விளையாட்டு என்ற எண்ணம் உடைந்தது. மறு ஆண்டே ‘பொல்லாதவன்’ படத்தில் யோகி பி. கோவையிலிருந்து கிளம்பிய ஹிப்ஹாப் தமிழா ஆதி 2011இல் இணையத்தில் பிரபலமாகி, 2012இல் ‘ஹிப் ஹாப் தமிழன்’ ஆல்பம் போட்டு, 2015க்குள் படங்களுக்கு இசையமைப்பாளரே ஆகிவிட்டார். தாராவியின் தெருக்களில் பாடிக்கொண்டிருந்த டோப்அடெலிக்ஸ் குழுவைத் தமிழ்நாட்டின் பெரும்பகுதி முதன்முதலாகக் கேட்டது 2018இல் ரஜினியின் ‘காலா’வில். 2023இல் ‘லியோ’வின் ‘நா ரெடி’யில் விஜய், அனிருத் குரல்களுக்கு நடுவே நுழைந்து அசல் கோலார் பாடிய சில வரிகள் அவரை வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராக்கின. எல்லாப் பாதையும் சினிமாவில்தான் வந்து சேர்கிறது. இதைக் குறையாகச் சொல்வது சிலருக்கு வழக்கம். அது வீண் பேச்சு. எம்.ஐ.ஏ.வுக்கும் ஒரு ட்ரெய்லர் தேவைப்பட்டது. கேட்பவரிடம் கொண்டுசேர்க்கும் வண்டி எதுவானாலும் சரி. ஏறியவரின் பெயர் சீட்டில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இருக்கிறதா? இன்று நம்மிடம் பெரிதாகப் பேசப்படும் அளவுகோல் யூடியூப் பார்வை எண்ணிக்கை. பாட்டு வந்த மறுநாளே ‘இத்தனை மில்லியன்’ என்று நிறுவனம் போஸ்டர் போடும், ரசிகர்கள் அடித்துக்கொள்வார்கள். அந்த எண்ணுக்குள் விளம்பரமாகக் காட்டப்பட்ட பார்வைகள் எத்தனை என்பது போஸ்டரில் வராது. 2019 ஜூலையில் இந்தி ராப் பாடகர் பாட்ஷாவின் ‘பாகல்’ 24 மணி நேரத்தில் ஏழரைக் கோடிப் பார்வை என்று உலக சாதனை கோரியது. விளம்பரம் கொடுத்துச் சேர்த்த பார்வைகளும் அதில் இருந்ததால் பெரிய சர்ச்சையானது. யூடியூப் அதைச் சாதனையாக அறிவிக்கவில்லை. செப்டம்பரில் விதியையே மாற்றியது. விளம்பரப் பார்வைகள் இனி அதன் இசைப் பட்டியலிலும் 24 மணி நேரச் சாதனையிலும் சேராது. ஒரு இந்திய ராப் பாட்டு உலகத்தின் கணக்குமுறையைத் திருத்த வைத்தது. ஆனால் வீடியோவுக்குக் கீழே தெரியும் மொத்த எண்ணையே நம் போஸ்டர்கள் இன்னும் தூக்கிப் பிடிக்கின்றன.

‘மாரி 2’ படத்தின் ‘ரௌடி பேபி’யும் நினைவில் கொள்ள வேண்டியது. யுவன் இசையில் தனுஷும் பாடகி தீயும் பாடியது. ராப் என்று சொல்ல முடியாது. 2019 தொடக்கத்தில் பில்போர்டின் யூடியூப் பட்டியலில் அது நான்காம் இடத்துக்கு வந்ததைத் தமிழ்ப் பத்திரிகைகள் கொண்டாடின. நம் பாட்டு நம் ஊரில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை நியூயார்க்கிலிருந்து வரும் பட்டியல் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். 2021 ஜூனில் இந்திய இசை நிறுவனங்களின் சங்கமான ஐ.எம்.ஐ. ஒரு வாரப் பட்டியலைத் தொடங்கியது. சரி, வந்துவிட்டது என்று பார்த்தால் அது வெளிநாட்டுப் பாட்டுகளுக்கு மட்டும். 2022இல் பில்போர்டு ‘இந்தியா சாங்ஸ்’ என்று ஒரு பட்டியல் போடத் தொடங்கியது. நாடு முழுமைக்கும் 25 இடம். இந்தி, பஞ்சாபி, தெலுங்கு எல்லாவற்றோடும் மல்லுக்கட்டித்தான் ஒரு தமிழ்ப் பாட்டு அதில் தலைகாட்ட முடியும். ஏழு கோடிக்கு மேல் மக்கள்தொகை கொண்ட மாநிலம், அதற்கு வெளியே இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், கனடா என்று பரவிய மொழி. அதற்கென்று ஊரறிந்த வாரப் பட்டியல் ஒன்று இல்லாதது பெருமைக்குரிய விஷயமல்ல.

பட்டியல் என்ன, வெறும் பகட்டுதானே என்று கேட்கலாம். பாடகருக்கு அது வேறு விஷயம். 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் கனடாத் தமிழ் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் வந்தார்கள். ‘என்ஜாய் எஞ்சாமி’, ‘நீயே ஒளி’ என்ற இரண்டு பாட்டுகளின் வெற்றிதான் காரணம். இரண்டாவது பாட்டு பா.ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ படத்தோடு வந்தது. இரண்டுக்கும் வரிகள் தந்தவர் ராப் பாடகர் அறிவு. முதல் பாட்டைத் தீயோடு சேர்ந்து பாடியவரும் அவர். அட்டையில் அவர் இல்லை. ரஞ்சித் பகிரங்கமாகக் கேட்டார், சமூக வலைத்தளங்கள் கொதித்தன. பிறகு அறிவின் படத்தோடு தனி டிஜிட்டல் அட்டை வந்தது. யார் பக்கம் நியாயம் என்பதில் இன்னும் ஆளுக்கொரு கருத்து இருக்கிறது. ஆனால் ஒன்று. முதல் நாளிலிருந்து பாட்டின் பெயரோடு பாடியவர், எழுதியவர், இசை செய்தவர் என எல்லார் பெயரும் ஒரே வரியில் அச்சாகி வாராவாரம் வந்திருந்தால், யாரை விட்டோம் என்று கவனிக்க ஓர் அட்டைப்படச் சண்டை தேவைப்பட்டிருக்காது.

காசும் இதில் இருக்கிறது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி, திரைப்பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் தியேட்டருக்கு வெளியே அந்தப் பாட்டு பயன்படும்போதெல்லாம் ராயல்டியில் பங்கு உண்டு. அந்த உரிமையை முழுவதுமாக எழுதி வாங்கிக்கொள்ளவும் முடியாது. ராப் பாடகரின் நிலைமை மற்றப் பாடகர்களிலிருந்து வேறு. தன் வரிகளைத் தானே எழுதுகிறார். நான்கு நிமிடப் பாட்டில் அவர் வருவது முக்கால் நிமிடமாக இருக்கலாம், ஆனால் அந்த முக்கால் நிமிடத்துக்கு அவர்தான் கவிஞர். பாட்டின் விவரக் குறிப்பில் அவர் பெயர் ‘குரல்’ என்ற இடத்தில் மட்டும் ஏறினால், எழுத்துக்கான பங்கு அவருக்கு வந்துசேருமா? விவரம் அறிந்தவர்கள் ஒப்பந்தத்திலேயே பிடித்துக்கொள்கிறார்கள். முதல் வாய்ப்பு கிடைத்த இருபது வயதுப் பையன் எதில் கையெழுத்துப் போடுகிறான் என்று பார்ப்பான் என எதிர்பார்க்க முடியாது. ஒரு பொதுப் பட்டியல் இருந்தால், அதில் ‘எழுத்து’ என்ற கட்டம் காலியாகவோ தவறாகவோ இருந்தால், ஊரே பார்த்துக் கேட்கும்.

பட்டியல் வந்தால் எல்லாரும் பட்டியலுக்காகவே பாட்டுப் போடுவார்கள், ரசிகர் மன்றங்கள் அதையும் கைப்பற்றும் என்ற பயம் நியாயமானது. ஏற்கெனவே நடப்பது அதுதான். அதைக் கண்ணை மூடிக்கொண்டு நடத்துகிறோம். ஹாட் 100உம் குறையில்லாதது அல்ல. 1998 இறுதி வரை கடையில் தனியாக விற்காத பாட்டு எத்தனை கோடிப் பேர் வாயில் இருந்தாலும் அதில் ஏற முடியாது என்பது விதி. யூடியூபைச் சேர்த்தது 2013இல்தான். குறை தெரிந்தபோதெல்லாம் விதியை மாற்றினார்கள், மாற்றியதையும் அறிவித்தார்கள். கேரளத்தில் பிறந்த ஹனுமான்கைண்ட் 2024இல் எந்தப் படத்தின் துணையும் இல்லாமல், மரணக் கிணற்றில் படமாக்கிய ‘பிக் டாக்ஸ்’ பாட்டோடு அதே ஹாட் 100இல் 23ஆம் இடம் வரை போக முடிந்தது. விதி வெளிப்படையாக இருக்கும் இடத்தில் படம் இருந்தாலும் ஏறலாம், இல்லாவிட்டாலும் ஏறலாம்.

திருப்பூரில் பீஸ் ரேட்டுக்கு ஓவர்லாக் ஓட்டுகிறவர், வாரம் முழுவதும் தான் தைத்த பீஸ்களைத் தன் நோட்டில் எழுதிவைப்பார். சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது கம்பெனி கணக்கும் தன் கணக்கும் ஒத்துப்போக வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுப்பதில்லை. தமிழ் ராப் பாடகருக்கு அப்படி ஒரு நோட்டு கிடையாது. இசை நிறுவனங்களும் ஸ்ட்ரீமிங் தளங்களும் மனது வைத்தால் அதைக் கொடுப்பது பெரிய வேலையல்ல, எண்கள் எல்லாம் அவர்களிடம்தான் இருக்கின்றன. விளம்பரப் பார்வையைக் கழித்து, தமிழ்ப் பாட்டுகளுக்கு மட்டும் வாரம் ஒரு பட்டியல் வெளியிடட்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே எழுதியவர், பாடியவர், இடையில் ராப் பாடியவர், தாளம் வாசித்தவர் பெயர்கள் இருக்கட்டும். நாளிதழ்கள் வெள்ளிக்கிழமை சினிமாப் பக்கத்தில் ஒரு கட்டம் ஒதுக்கி அதை அச்சிடட்டும். காதர்பேட்டை பிரிண்டிங் பட்டறைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த பாட்டின் வரியை நெஞ்சில் அடிக்கும்போது உரியவரிடம் அனுமதி கேளுங்கள், பின்கழுத்தில் லேபிளுக்குக் கீழே சின்ன எழுத்தில் எழுதியவர் பெயரையும் போடுங்கள்.